குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றாலும்

"எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே" என்ற நம்பிக்கை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெருந்தடை. பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது 5 முதல் 10 சதவீதமே. நோய் கண்டவர்களில் பெரும்பாலோரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. பால் கொடுத்த தாய்க்கு வராது என்பார்கள். தாய்ப்பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது. நோயாளிகளில் 1 சதவீதம் வரை ஆண்கள்; அவர்களுக்குப் பெரும்பாலும் காம்புக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படும். தொடக்கத்தில் கட்டி அநேகமாக வலிக்காது, அதனாலேயே நாள் கடத்துகிறோம்.

சித்தேரி மலையிலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இந்தப் பரிசோதனைக்காகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கான முதல் பரிசோதனை கையால் தொட்டுப் பார்ப்பதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். அதை ஒவ்வொரு மலைக்கிராமத்துக்கும் கொண்டுபோவது அரசின் கடமை.