வாய் மூடினால் நோய் ஓடுமா?

"பேசாதே, அது ஆபாசம்!" என்கின்றனர் பண்பாட்டுக் காவலர்கள். எதைப் பேசக்கூடாதாம்? வாய்வழிப் புணர்ச்சியால் நோய் பரவும் என்ற மருத்துவ உண்மையை!

வேடிக்கையைப் பாரீர், தோழர்களே! வாத்சாயனர் தம் காமசூத்திரத்தில் அச்செயலுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். கஜுராகோ கோயிற்சுவரிலும் அக்காட்சி கல்லிலே நிற்கிறது. ஏட்டில் இருந்தால் சாத்திரம். கோயிலில் இருந்தால் கலை. பாடநூலில் எச்சரிக்கையாக வந்தால் மட்டும் ஆபாசமாம்! 2007-ல் பள்ளிகளுக்கான வளரிளம்பருவக் கல்வித் திட்டத்துக்குப் பல மாநில அரசுகள் தடைபோட்டதும் இந்தப் போலி நாணத்தால்தானே?

ஆசிரியராகிய நாம் மட்டும் என்ன செய்தோம்? இனப்பெருக்கப் பாடம் வந்ததும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டினோம். அக்குற்றத்தை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

அறிவியல் கூறுவது என்ன? வெட்டைநோய்க் கிருமியை நைசர் 1879-லும், சிபிலிஸ் எனும் மேகப்புண்ணின் கிருமியை ஷாடின், ஹாஃப்மன் இருவரும் 1905-லும் கண்டறிந்தனர். சாபமல்ல, கர்மவினையல்ல, கிருமி! அதற்குப் பிறப்புறுப்பும் வீடுதான், தொண்டையும் வீடுதான். ஹெர்ப்பிஸ், கிளமிடியா, எச்.பி.வி. ஆகியனவும் இவ்வழியே தொற்றக்கூடும். எச்.ஐ.வி. இவ்வழியில் தொற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு; எனவே வீண் அச்சமும் வேண்டா. ஆனால் தொண்டையில் தங்கிய வெட்டை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சிறுநீர்ச் சோதனையிலும் அகப்படாது. தொண்டையிலிருந்தே பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்துச் சோதிக்க வேண்டும். எச்.பி.வி. சிலருக்குப் பல்லாண்டு கழித்துத் தொண்டைப் புற்றாகவும் மூளும்.

தடுக்க வழியில்லையா? உண்டு. ஆணுக்கு ஆணுறை. பெண்ணுக்கு, புதிய ஆணுறையின் இரு முனைகளையும் நீக்கி, நீளவாக்கில் வெட்டி விரித்தால் மெல்லிய திரை. வாயில் புண், ஈறில் குருதி, உறுப்பில் கொப்புளம் இருப்பின் அறவே தவிர்த்தல். எச்.பி.வி.க்கு 2006 முதல் தடுப்பூசி இருக்கிறது. தொடக்கநிலைச் சிபிலிசைப் பென்சிலின் ஊசி ஒன்றே தீர்க்கும். ஐயம் எழுந்தால் இருவரும் சோதிக்க வேண்டும். நோய் தெரிந்தால் இருவரும் மருந்துண்ண வேண்டும்.

இவற்றைச் சொல்லாத சமுதாயத்தில் இளைஞன் எங்கே போகிறான்? "இரகசிய நோயா?" என்று சுவரொட்டி ஒட்டி, விடுதி அறையில் லேகியம் விற்பவனிடம்! பணமும் போகிறது, நோயும் முற்றுகிறது. அவன் மனைவியோ, கணவன் கொணர்ந்த நோயைச் சுமப்பதோடு, ஒழுக்கங்கெட்டவள் என்ற பழியையும் சுமக்கிறாள். கற்பைப் பெண்ணுக்கு மட்டும் விதித்தவர்களே, கிருமி உங்கள் நீதிநூலைப் படித்ததில்லை!

"நம் நாட்டுக்கு அது வராது" என்று எய்ட்சைப் பற்றியும் இறுமாந்திருந்தோம். 1986-ல் இதே சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, அந்த இறுமாப்பு இடிந்து வீழ்ந்தது.

கருத்தடை என்று உச்சரிக்கவே நாடு கூசிய நாளில், பெரியார் மேடையேறிப் பேசினார். அவர் வழிவந்தோர் நாம் என்று மார்தட்டினால் போதுமா? படிப்பகத்தில் பேசுவோம், நண்பனிடம் பேசுவோம், வாழ்க்கைத் துணையிடம் பேசுவோம். நாணம் நோயைத் தடுத்ததில்லை, அறிவு தடுக்கும்!