இணையத்தள வேலை: நம் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்?



மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் திட்டம் 1996-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே சைபர்ஜெயா திறப்பு விழா கண்டது. பக்கத்தில் புத்ராஜெயா எழுந்த நிலத்தில்தான் நம் மக்கள் பால்மரம் சீவிய பிராங் பெசார் தோட்டம் இருந்தது. அங்கிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். மண்தான் போய்விட்டது. அந்த மண்ணுக்கு அருகில் முளைத்த கணினி வேலைகளாவது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தனவா?

இணையத்தளம் அமைக்கும் வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களைப் பாருங்கள். கணினிக்குத் தெரிந்தது நிரல்மொழி மட்டும்தான். ஆனாலும் 'மண்டரின் பேசத் தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரியைப் பல விளம்பரங்களில் காணலாம். சீன வாடிக்கையாளரிடம் பேசும் வேலையென்றால் அது நியாயம். அறைக்குள் உட்கார்ந்து நிரல் எழுதுபவனுக்கு எதற்கு?

சட்டம் காப்பாற்றுமா? அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு தனியார் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துவதில்லை. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், பாகுபாடு பற்றிய தகராறுகளை விசாரிக்கத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தந்தது. ஆனால் அது முதலாளிக்கும் அவரிடம் ஏற்கெனவே வேலை செய்பவருக்கும் இடையிலான தகராறு. வேலை கேட்டு வாசலில் நிற்பவனை அந்தத் திருத்தம் கணக்கில் எடுக்கவில்லை. வேலை தேடுபவருக்கும் பாதுகாப்பு வேண்டும். இதை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

இனி, நம் பக்கத்துக் குறையையும் பேச வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் வாங்கி டிப்ளோமா முடித்த பிள்ளை நேர்முகத் தேர்வில் தடுமாறுவது ஏன்? அங்கே வழக்கமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி இது: 1 முதல் 100 வரை எண்களை அச்சிடு. 3-ஆல் வகுபடும் எண்ணுக்குப் பதில் 'ஃபிஸ்', 5-ஆல் வகுபட்டால் 'பஸ்', இரண்டாலும் வகுபட்டால் 'ஃபிஸ்பஸ்' என்று வர வேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு சொன்ன பிள்ளைக்கு இது பெரிய கணக்கா? ஆனால் பலரும் 3-ஐத்தான் முதலில் சோதிக்கிறார்கள். 15 வரும்போது 'ஃபிஸ்' என்று அச்சிட்டுவிட்டு நிரல் அடுத்த எண்ணுக்குப் போய்விடும். இரண்டாலும் வகுபடுகிறதா என்பதை முதலில் சோதித்தால் சரியாக வரும். விடையை மனப்பாடம் செய்தவன், கேள்வியில் எண்ணைச் சற்று மாற்றினாலே விழுந்துவிடுவான்.

இன்னொன்று: ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு சமக்குறிக்கும் மூன்று சமக்குறிக்கும் என்ன வேறுபாடு? எண்ணாக எழுதிய 5-ஐயும் எழுத்தாக எழுதிய '5'-ஐயும் இரண்டு குறி ஒன்றென்று சொல்லும். மூன்று குறி வேறென்று சொல்லும். இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறது. ஆனால் அதில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்க இந்த அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும்.

பெற்றோரே, லோரி ஓட்டியும் பாதுகாவலர் வேலை பார்த்தும் சேர்த்த பணத்தைக் கல்லூரியில் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா? மாணவர்கள் சொந்தமாக எத்தனை தளங்கள் கட்டுவார்கள்? படித்து முடித்தவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள்? மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளைகளே, ஃபிரீகோட்கேம்ப் போன்ற தளங்களில் பாடம் இலவசம். கோயிலுக்கோ, பக்கத்துக் கடைக்கோ, உங்கள் தமிழ்ப்பள்ளிக்கோ ஒரு தளம் கட்டிக் கொடுங்கள். அதன் நிரலை கிட்ஹப்பில் வையுங்கள். நேர்முகத் தேர்வில் காட்டுவதற்கு அது கையில் இருக்கும்.

உரிமையைக் கேட்போம். கேட்கும்போது நம் பிள்ளையின் கையில் திறமையும் இருக்கட்டும்.