கடல் கடந்த காவடிக்குத் தோள் கொடுப்போர்

தை மாதத்துப் பூச நட்சத்திரம் முருகப் பெருமானுக்கு உகந்த திருநாள். அன்று பழனியம்பதியில் பாதயாத்திரையாக வந்து குவியும் அடியார் கூட்டத்தை அறியாத தமிழர் இலர். கடல் கடந்த சிங்கப்பூரிலும் அவ்விழா சிறிதும் குன்றாத பக்தியுடன் நடைபெறுகிறது. சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நள்ளிரவை ஒட்டியே பால்குடங்கள் புறப்பட்டுவிடுகின்றன. விடியலில் காவடிகள் தொடர்கின்றன. செலிகி சாலை, தோபிகாட் வழியாக மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் அடியார்கள் தங்கள் நேர்த்திக்கடனைச் செலுத்துகின்றனர். மாமன் வீட்டில் புறப்பட்டு மருகன் வீட்டில் நிறைவுறும் ஊர்வலம் என்று மூத்தோர் நயம்படச் சொல்வதுண்டு.

பால்குடத்தை ஒருவர் தனியாகச் சுமந்துவிடலாம். காவடியின் நிலை வேறு. அலகுக் காவடியைத் தோளில் பொருத்துவதற்கே பல கைகள் வேண்டும். வழி நெடுகிலும் ஒருவர் முன்னே நடந்து கூட்டத்தை விலக்க வேண்டும். ஒருவர் தண்ணீர் ஏந்தி வர வேண்டும். களைத்தவர் சற்றே அமர்வதற்குச் சிறு முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பின்தொடர வேண்டும். சந்நிதியை அடைந்த பின் அலகுகளை நிதானமாகக் களைய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கால் தளரும்போது "வேல் வேல்" என்று முழங்கும் குரல்கள் வேண்டும். அந்நகர ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குப் பல்லாண்டுகள் தடை இருந்தது. 2016ஆம் ஆண்டு முதல்தான் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசை அனுமதிக்கப்பட்டது. அதுவரை காவடியாட்டத்திற்கு உடன் வந்தோரின் தொண்டையே தவிலாகவும் நாகசுரமாகவும் விளங்கியது எனலாம்.

சொந்த ஊரில் இப்பணிகளை மைத்துனரும் பங்காளிகளும் அண்டை வீட்டாரும் கேளாமலே ஏற்பர். சிங்கப்பூரிலேயே வேரூன்றிய குடும்பங்களிலும் அப்படியே. ஆனால் புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் கட்டடப் பணிக்கும் கப்பல் பட்டறைக்கும் சென்றிருக்கும் இளைஞருக்கு அங்கே உறவென்று யாருளர்? தொழிலாளருக்கான பணி அனுமதியில் செல்வோர் மனைவி மக்களை உடனழைத்துச் சென்று குடியமர்த்த இயலாது. தங்கையின் திருமணத்திற்காகவோ, தந்தையின் நோய் நீங்குவதற்காகவோ, வெளிநாடு செல்ல வாங்கிய கடன் அடைவதற்காகவோ நேர்ந்துகொண்ட காவடியை அவர் யாரை நம்பி எடுப்பது?

அவருக்குத் தோள் கொடுப்போர் பெரும்பாலும் புதியவர்களே. விடுதியில் ஒரே அறையில் படுத்துறங்குபவர், வேலைத்தளத்தில் உடன் சிமெண்ட் சுமப்பவர், ஞாயிறு மாலைகளில் தேக்காவில் பழக்கமானவர் ஆகியோரே காவடியின் இருமருங்கும் நடக்கின்றனர். மூன்று மாதப் பழக்கமே உள்ளவர் முப்பதாண்டுச் சொந்தக்காரரைப் போல் "தம்பி, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று விசிறிக்கொண்டு வருகிறார். விரத நாட்களில் இவருக்காக அறையிலுள்ள பிறரும் புலால் தவிர்ப்பதுண்டு. சீனர்களும் பயபக்தியுடன் பால்குடமும் காவடியும் எடுத்து அவ்வூர்வலத்தில் நடக்கின்றனர். வாட்டர்லூ தெருவில் குவான் இம் ஆலயத்தின் அருகே அமைந்த ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலில் சீனர்கள் ஊதுவத்தி ஏற்றி வணங்குவதைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பிராது.

இந்த ஏற்பாடு இன்று நேற்று தோன்றியதன்று. டேங்க் ரோடு கோயிலை 1859இல் எழுப்பிய நகரத்தார் பெருமக்களும் குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டுத் தனியராய்க் கப்பலேறியவர்களே. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரு பெட்டகமும் ஒரு பாயுமாக வரிசையாய் அமர்ந்து வட்டித் தொழில் நடத்தி, ஒரே அடுப்பில் சமைத்துண்டு வாழ்ந்தனர். செட்டிநாட்டிலிருந்து பழனிக்குக் காவடி சுமந்து நடந்த மரபைக் கைவிட மனமின்றி, இருந்த இடத்திலேயே தண்டாயுதபாணியைப் பிரதிஷ்டை செய்துகொண்டனர். தைப்பூசத்திற்கு முதல்நாள் செட்டிப் பூசத்தன்று வெள்ளி ரதத்தில் கியோங் சாய்க் சாலை ஸ்ரீ லயன் சித்தி விநாயகர் கோயிலுக்கு எழுந்தருளித் திரும்பும் முருகனைத் தரிசிக்கும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு இது. இன்று செல்வச் சிறப்புடன் திகழும் இவ்விழா, உறவைப் பிரிந்திருந்த ஆடவர்கள் ஒருவரையொருவர் உறவாக்கிக்கொண்டு நடத்திய விழா.

இன்றைய தொழிலாளருக்குள்ள இடையூறு பணத்தால் மட்டும் வருவதன்று. சிங்கப்பூரில் 1968 முதல் தைப்பூசம் பொது விடுமுறை நாளன்று. இந்துக்களுக்குரியதாகத் தீபாவளி ஒன்றே நிலைத்தது. பாலத்தைக் கடந்தால் ஜொகூரில் விடுமுறை உண்டு. இவ்விஷயத்தில் சிங்கப்பூரைக் குறைகூறத் தமிழகத்திற்கும் தகுதி குறைவே. இங்கு அரசு விடுமுறை அறிவிக்கப்பட்டது 2021இல்தான். ஆகவே அங்கே காவடி எடுப்பவருக்கு விடுப்புக் கிடைத்தாலும், உடன் நடக்க வேண்டிய நால்வருக்கும் ஒரே நாளில் கிடைப்பது அரிது. பகலெல்லாம் உழைத்துவிட்டு நள்ளிரவில் பால்குடம் ஏந்தி, விடிந்ததும் வேலைக்குத் திரும்புவோர் உண்டு. காவடிக்கு அவ்வழியும் இல்லை.

கொரோனா பரவிய 2020இல் விடுதிகளில் அடைபட்டிருந்தவர்களின் துயரை உலகறியும். அடுத்த ஆண்டுத் தைப்பூசத்தில் நடைப்பயணமும் காவடியும் நிறுத்தப்பட்டன. பால்குடம் மட்டும், முன்பதிவு செய்த நேரத்தில், தெண்டாயுதபாணி சந்நிதிக்கு நேரே கொண்டுசெல்லப்பட்டது. 2023 பிப்ரவரி 5ஆம் நாள் ஊர்வலம் மீண்டபோது, பல ஆண்டு நேர்த்திக்கடன்கள் ஒருசேரச் சாலையில் இறங்கின.

இந்து அறக்கட்டளை வாரியமும் கோயில் நிர்வாகங்களும் நூற்றுக்கணக்கான தொண்டர்களைக் கொண்டு இவ்விழாவைச் செம்மையாக நடத்துவதை மறுப்பதற்கில்லை. உபயதாரர்களும் அன்னதானம், அலங்காரம், அபிஷேகம் என்று வாரி வழங்குகின்றனர். அவ்வுபயங்களோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். காவடிக்குப் பதிவு செய்ய வரும் அடியாரிடம் "உடன் வர யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டு, ஒருவருமில்லாதவரைத் தலைமுறை தலைமுறையாகக் காவடி எடுக்கும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றுடன் இணைத்துவிடலாம். காவடி வாடகையை உபயமாக ஏற்கலாம். தொழில் நடத்தும் உபயதாரர்கள் தம்மிடம் பணிபுரியும் காவடிக்காரருக்கு மட்டுமன்றி, அவருடன் நடக்கும் தோழர்களுக்கும் அன்று விடுப்பளிக்கலாம். ஐந்தாறு பேர் ஒருநாள் வேலைக்கு வராததால் எந்த நிறுவனமும் நொடித்துவிடப் போவதில்லை.

இதற்குப் புதிய சட்டமோ பெரும் பொருளோ வேண்டியதில்லை. காவடிக் குடும்பங்கள் விரதம் தொடங்கும் மார்கழி மாதத்திலேயே கோயில் அறிவிப்புப் பலகையில் பெயர்களைக் கேட்டு எழுதினால், தைப்பூச விடியலில் பெருமாள் கோயில் வளாகத்தில் காவடியைத் தரையில் வைத்துவிட்டு, தூக்கிவிட ஆள் வருமா என்று வாயிலை நோக்கியபடி நிற்கும் இளைஞர் ஒருவரேனும் குறைவார்.