வெளியேறினால் யாருக்கு வசதி?

கட்சி பிடிக்கவில்லையானால் விட்டுப் போவதா, உள்ளே நின்று திருத்துவதா? புத்தளம் மாவட்டத்து மதுரங்குளியிலும் அதைச் சூழ்ந்த கடையாமோட்டை, விருதோடை, கணமூலை போன்ற ஊர்களிலும் தேர்தலுக்குத் தேர்தல் எழுகின்ற கேள்வி இது. விட்டுப் போவதே மானமுள்ளவன் செய்யும் காரியம் என்போரே இன்று அதிகம். அவர்களுடைய கோபம் முழுக்க நியாயமானது. ஆயினும் முடிவை நான் ஏற்கவில்லை. வாக்காளன் வெளியேறுவதால் தலைவன் தண்டிக்கப்படுவதில்லை. அவனுக்கு வேலை இலகுவாகிறது.

கோபத்தின் காரணத்தை முதலில் பார்ப்போம். எச்.எஸ். இஸ்மாயில் என்ற சபாநாயகரையும் எம்.எச்.எம். நெய்னா மரிக்கார் என்ற நிதியமைச்சரையும் நாட்டுக்குத் தந்த மண் புத்தளம். விகிதாசாரத் தேர்தல் முறை நடைமுறைக்கு வந்த பின்னர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மாவட்ட வாக்குகளால் ஒரு முஸ்லிம்கூடப் பாராளுமன்றம் செல்ல முடியவில்லை. வாக்கு இல்லாமல் அல்ல. ஐக்கிய தேசியக் கட்சி, சுதந்திரக் கட்சி, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் என நாலாபுறமும் சிதறியதால். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் விரட்டப்பட்டு இங்கு வந்து குடியேறிய மக்களின் வாக்குகளும் அவ்வாறே பங்கிடப்பட்டன.

இதன் விலை என்னவென்று 2018இல் தெரிந்தது. கொழும்பின் குப்பையை அறுவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராகப் புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்றார்கள். அந்த அரசாங்கத்தின் அமைச்சரவையில் ரவூப் ஹக்கீமும் இருந்தார், ரிஷாத் பதியுதீனும் இருந்தார். இரு கட்சித் தலைவர்கள் மேசையில் இருந்தும் குப்பை புத்தளத்துக்கே வந்தது.

அதற்குப் பிறகுதான் மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க விரும்பாத இரு தலைவர்களையும் 2020 பொதுத் தேர்தலில் ஒரே பட்டியலின் கீழ் நிற்க வைத்தார்கள். முஸ்லிம் தேசியக் கூட்டமைப்பு மாவட்டத்தில் 55,981 வாக்குகள் பெற்று ஓர் ஆசனத்தை வென்றது. இதைச் சாதித்தவர்கள் கட்சியை விட்டு ஓடியவர்கள் அல்லர். கட்சிக்குப் பணிந்து கிடந்தவர்களும் அல்லர். ‘ஒன்றாக வந்தால் வாக்கு, இல்லையேல் இல்லை’ என்று வாசலில் நின்று பேரம் பேசியவர்கள்.

பின்னர் நடந்ததை யாவரும் அறிவோம். 2020 ஒக்டோபர் 22 அன்று இருபதாவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாள்கள் அவை. ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய கட்சியின் மற்ற நால்வரும் ஆதரித்தார்கள். தலைவர் ஒரு பக்கம், கட்சி மறுபக்கம்! இரண்டு கரையிலும் ஒரு கால் வைக்கும் இந்த வித்தைக்கு வேறெங்கும் நான் உவமை கண்டதில்லை. புத்தளம் அனுப்பிய அலி சப்ரி ரஹீமும் ஆதரவாகவே கையை உயர்த்தினார். அதே ரஹீம் 2023 மே மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தோடும் ஒரு தொகைக் கைத்தொலைபேசிகளோடும் பிடிபட்டு, 75 இலட்சம் ரூபாய் தண்டம் செலுத்தி, மறுநாளே சபைக்கு வந்து அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தார். மக்களின் உடல்கள் எரிந்தபோது வராத கோபம் அன்று வந்தது. முப்பது ஆண்டு காத்திருந்து பெற்ற ஆசனம் இப்படிப் போயிற்று. தெரிந்தெடுத்தவரைத் திருப்பி அழைக்கும் சட்டமும் இந்நாட்டில் இல்லை.

இந்த அனுபவத்தின் பின் ‘இனி எந்தக் காங்கிரசும் வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் அவரை எப்படிக் குறை கூறுவது?

ஆனால் வெளியேற்றம் என்ற மருந்தை இச்சமூகம் ஏற்கெனவே பலமுறை குடித்திருக்கிறது. 2000 செப்டம்பரில் எம்.எச்.எம். அஷ்ரப் மறைந்த பின் முஸ்லிம் காங்கிரசிலிருந்து பேரியல் போனார், அதாவுல்லா போனார், ரிஷாத் போனார், ஹசன் அலி போனார். ஒவ்வொருவரும் போகும்போது கட்சிக்குள் ஜனநாயகம் இல்லை என்றே சொன்னார்கள். போய் அமைத்த கட்சிகளில் அதைத் தேடிப் பாருங்கள். சுவரொட்டியில் படம் மாறியது, அவ்வளவுதான். தமிழகத்திலும் இதே கதை உண்டு. 1972இல் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டதற்காகத் தி.மு.க.விலிருந்து விலக்கப்பட்டுப் புதுக் கட்சி கண்டார். அந்தப் புதுக் கட்சியில் பிற்காலத்தில் தலைமையிடம் கணக்குக் கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு இருந்தது?

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். நைஜீரிய ரயில்வே ஏன் திருந்தவில்லை என்பதிலிருந்து அவர் சிந்தனை தொடங்குகிறது. லொறிப் போட்டி வந்தால் ரயில்வே விழித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. உரத்துக் குறை சொல்லக்கூடிய வாடிக்கையாளர்கள் லொறிக்கு மாறிவிட்டார்கள், எஞ்சியவர்கள் பேசாதவர்கள். ரயில்வே நிம்மதியாகச் சீரழிந்தது. நம் கட்சிகளின் அதியுயர் பீடங்களும் அதே நிம்மதியில்தான் இருக்கின்றன.

‘முஸ்லிம் காங்கிரசே வெளியேற்றத்தில் பிறந்ததுதானே?’ என்பீர்கள். உண்மை. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு நின்ற அஷ்ரப், பின்னர் தனிவழி கண்டார். ஆனால் 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய இயக்கம் 1989இல்தான் நான்கு ஆசனங்கள் பெற்றது. இடையில் எட்டு ஆண்டுகள் ஊர் ஊராக அமைப்புக் கட்டினார்கள். ஒரு வாக்காளன் மனம் வெறுத்து வேறு சின்னத்துக்குப் புள்ளடி இடுவதும் இதுவும் ஒன்றல்ல.

2024 நவம்பரில் அப்படித்தான் ஒரு பெரும் அலை எழுந்தது. தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்கள் பெற்றது. பழைய தலைவர்கள் மீது வெறுப்புற்ற முஸ்லிம்கள் பலரும் அதற்கு வாக்களித்தார்கள். சில நாளில் பதவியேற்ற அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவர்கூட இருக்கவில்லை. அந்தக் கட்சியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாக்கை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனவனுக்கு அங்கேயும் திண்ணைதான்; உள்ளே பேசும் உரிமை அங்கும் உறுப்பினருக்கே உண்டு, வாக்காளருக்கு இல்லை.

அப்படியானால் உள்ளே நிற்பதென்றால் என்ன? பேராளர் மாநாட்டில் கை தட்டுவதல்ல. நல்ல தலைவர் வருவார் என்று துஆச் செய்துகொண்டிருப்பதுமல்ல. வேட்பாளர் பட்டியலைக் கொழும்பிலிருந்து அனுப்பும் அதிகாரத்தைப் பறிப்பது. மதுரங்குளிக் கிளைக்கு உறுப்பினர் பதிவேடு உண்டா, அந்த உறுப்பினர்கள் வாக்களித்தா வேட்பாளரைத் தெரிந்தார்கள் என்று கேட்பது. அரசியலமைப்புத் திருத்தங்களில் மாவட்டக் குழுவைக் கேளாமல் வாக்களிப்பதில்லை என்று வேட்பாளரிடம் எழுத்தில் வாங்குவது. மீறினால் நீக்குவதற்குக் கட்சிக்கு வழி இல்லையா? அரசியலமைப்பின் 99(13)ஆம் உறுப்புரை இருக்கிறது. கட்சி முடிவை மீறிய ஹாபிஸ் நஸீர் அஹமதை நீக்கியது முஸ்லிம் காங்கிரஸ்தான். 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ஏற்று, அவர் ஆசனத்தையும் இழந்தார். தலைமைக்குத் தேவைப்பட்டபோது வாள் உறையிலிருந்து வந்திருக்கிறது.

உள்ளே நிற்பது தலைவருக்கு முட்டுக்கொடுப்பதாகாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்சியில் நிற்பவர் கட்சிக்கு வாக்களித்தே தீர வேண்டும் என்று எந்த யாப்பும் சொல்லவில்லை. 2020இல் புத்தளம் காட்டியது அந்த மிரட்டலைத்தான். அப்போது விட்ட குறை ஒன்றே: ஒன்றுபட வேண்டும் என்று நிபந்தனை விதித்தவர்கள், வென்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கவில்லை. அடுத்த வேட்புமனுக் காலத்தில் அந்தப் பத்திரத்தில் கையொப்பம் விழும்வரை, மதுரங்குளியில் எந்த மேடையிலும் எவருடைய விருப்பு இலக்கத்தையும் அறிவிக்க விடாதீர்கள்.