மும்முனையா, முக்கட்டமா?

தமிழ் பயில்வோன் பௌதிகத்துள் தலையிடுதல் தகுமோ என நண்பர் சிலர் வினவக்கூடும். சொல் வழுவியவிடத்துப் பொருளும் மறைதலின், தகும் என்பதே என் துணிபு.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் தோன்றியது. அங்குள்ள கடைசல் இயந்திரங்களைச் சுழற்றும் ஆற்றலை விண்ணப்பத்தாள்கள் 'மும்முனை மின்சாரம்' என்கின்றன. பட்டறையினர் 'த்ரீ பேஸ்' என்பர். பள்ளிநூலோ 'கட்டம்' என்கின்றது. முனையென்று கேட்போன், கம்பி முனைகள் மூன்று உளவென்று எண்ணி அமைவான். உண்மை அதுவன்று.

ஊசல் நடுநிலையின் இருபுறமும் சிறிதாக ஆடும் ஆட்டத்தைத் தனிச்சீரிசை இயக்கம் என்பர். மூன்று கம்பிகளிலும் மின்னழுத்தம் அவ்வண்ணமே நொடிக்கு 50 முறை ஏறியிறங்குகின்றது. அளவும் ஒன்று, வேகமும் ஒன்று. ஒன்று உச்சியெய்திய பின் நொடியில் 150-இல் ஒரு பங்கு கழிந்தே அடுத்தது எய்தும் என்பதே வேறுபாடு. இதுவே 120 பாகைக் கட்ட வேறுபாடு. இசைவாணர்க்கு இது புதிதன்று. தாளத்தோடு பாட்டு உடன் தொடங்கின் சம எடுப்பு. முந்தியோ பிந்தியோ தொடங்கின் விஷம எடுப்பு.

ஒத்த ஆட்டங்கள் இரண்டைக் கூட்டின் என்னாகும்? உடனாடின் இருமடங்கு, நேரெதிராடின் சுழி. 120 பாகை வேறுபடினோ, கூட்டுத்தொகை தனியொன்றின் அளவே ஆகி, மூன்றாவதற்கு நேரெதிராய் நிற்கும். ஆதலின் மூன்றனையும் கூட்டச் சுழியே எஞ்சும். இரண்டன் வேறுபாடு 1.73 மடங்கு, வீட்டில் 230 வோல்ட்டு, பட்டறையில் ஏறத்தாழ 400 என்னும் கணக்கு இதுவே.

மோட்டாரினுள் மூன்று சுருள்களை 120 பாகை இடைவெளியில் அமைத்து இவ்வோட்டங்களைச் செலுத்தின், காந்தப்புலம் தானே சுழல்கின்றது. அசையாச் சுருள்களில் முன்பின்னாக எழுந்த ஆட்டங்கள் கூடிச் சுழற்சியாகும் இவ்விந்தையை நான் எண்ணுந்தோறும் வியக்கின்றேன். கம்பிகளில் இரண்டை இடம் மாற்றின் மோட்டார் எதிர்த்திசையிற் சுழலும். பட்டறையினர் யாவரும் இதனை அறிவர். முனைகள் அதே மூன்றுதாம், மாறியது வரிசை. 'முனை' என்னும் சொல் இதற்கு என்ன விடை கூறும்? வீட்டு மின்விசிறிக்குக் கண்டென்சர் வேண்டப்படுவதும் இது பற்றியே. ஒற்றைக் கட்டத்திற் சுழற்சி தொடங்காமையின், இரண்டாம் சுருளின் ஓட்டத்தை அது முந்தச் செய்கின்றது. அது பழுதுற்ற விசிறி முனகிக்கொண்டு நிற்பதைக் காணாதார் யார்?

'கட்டம்' என்பதும் குறையற்றதன்று. கோலக் கட்டமும் சோதிடக் கட்டமும் உடன் நினைவுக்கு வரும். ஆயினும் காலத்தின் படிநிலை என்னும் பொருள் அதற்குண்டு. முனைக்கு அது சிறிதும் இல்லை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தமிழ்வழிப் பயின்று, அம்பத்தூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் புகும் மாணவன், பள்ளியிற் கற்ற கட்டமும் கையிற் பிடித்த கம்பியும் ஒரு பொருளே என எங்ஙனம் அறிவான்? விண்ணப்பத்தாளின் அடுத்த பதிப்பில் 'முக்கட்ட மின்சாரம்' என்று அச்சிடக் காசு ஒன்றும் மிகுதியாகச் செலவாகாது.