14 நாள் அவர்களுக்கா? நமக்கா?



"ஸ்டிரைக் கம்பெனிக்காரன் சமாச்சாரம். களத்துமேட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" டீக்கடையில் கேட்கிற பேச்சு இது. முதலாளிக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறு கிடையாது.

அரைக் காணியை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறவர் நம்மில் யார்? உரக்கடை பாக்கியை அடைப்பது கம்பெனிக்குப் போகிற பிள்ளையின் சம்பளம்தானே! அவன் கூலியில் கை வைத்தால் அது நம் உலையில் கை வைப்பது.

1936 ஜூலை 30. புதுச்சேரி சவானா மில் தொழிலாளிகள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் மாண்டார்கள். வ. சுப்பையா தலைமையில் எழுந்த இயக்கம் கலைந்து போகவில்லை. 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. யாரும் தானமாகக் கொடுத்ததா அது?

1982 ஜனவரி 19 பொது வேலைநிறுத்தத்தில் திருமெய்ஞானத்தில் போலீஸ் குண்டுக்குப் பலியான அஞ்சானும் நாகூரானும் மில்காரர்களா? வயலில் இறங்கிப் பாடுபட்டவர்கள்!

2020 நவம்பர் 26 அன்று தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தான். அதே நாளில் விவசாயி டெல்லிக்குப் புறப்பட்டான். டிராக்டரில் மாதக்கணக்குக்குச் சாமான் ஏற்றிப் போனதால்தான் ஒரு வருஷம் உட்கார முடிந்தது. 2021 நவம்பரில் மூன்று சட்டமும் வாபஸ்!

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் உள்ளன. எந்தத் தொழிற்சாலையிலும் 14 நாள் முன்னதாக நோட்டீஸ் தராமல் வேலைநிறுத்தம் கூடாதாம். பாதிப்பேர் சேர்ந்து லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தமாம். அந்த 14 நாளில் முதலாளி ஆள் பிடிப்பான். நாம் என்ன செய்வோம்?

- ஊருக்கு ஊர் ஐந்து பேர் கமிட்டி. இரண்டு பேர் பெண்கள்.
- வீட்டுக்கு ஒரு படி அரிசி. கணக்கை நோட்டில் எழுதி ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.
- கருங்காலி வேலைக்கு ஆள் ஏற்ற வேன் வந்தால், நம் ஊரிலிருந்து ஒரு பிள்ளையும் ஏறக்கூடாது.
- பால், ஆஸ்பத்திரி, பம்புசெட்டுக்குத் தடையில்லை. கல்லெறிபவன் நம் ஆள் இல்லை.
- விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலைக்குச் சட்டம் வேண்டும் என்ற நம் கோரிக்கையும் அவர்கள் மேடையில் ஏற வேண்டும். கொடுக்கிறோம், கேட்டும் வாங்குவோம்.

தேதி அறிவித்த பிறகு ஓடினால் ஆகாது. நாற்று விட்டவன்தான் நடவு நட முடியும். இன்றே கமிட்டி போடுங்கள்!

தொழிலாளி – விவசாயி ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், அரியாங்குப்பம் கொம்யூன்