உருகும் வாளி, உருகாத சுவிட்சு

பிளாஸ்டிக் வாளியை நெருப்பருகே வைத்தால் குழைந்து உருகுகிறது. பழைய வீடுகளில் இருக்கும் கறுப்பு மின்சார சுவிட்சோ உருகுவதில்லை; கருகுகிறது. இரண்டும் ஒரே இனந்தான். ஏன் இந்த வேற்றுமை?

பி.எஸ்ஸி. மாணவர் ஒருவர் ஓராண்டு ஆராய்வதற்கு ஏற்ற கேள்வி இது. அதற்கு இப்போது வழியும் பிறந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் நான்காண்டுப் பட்டப் படிப்புக்குத் திட்டம் வெளியிட்டது. முதல் மூன்று ஆண்டுகளில் 75 சதவிகித மார்க் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சி செய்யலாம் என்பது அதில் ஓர் அம்சம்.

சங்கிலியும் வலையும்

பிளாஸ்டிக் என்பது பாலிமர். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. வாளியில் சங்கிலிகள் தனித்தனியே கிடக்கின்றன. உஷ்ணம் ஏறினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆறினால் இறுகும். அந்தச் சுவிட்சு பேக்கலைட்டால் ஆனது. 1907-ல் லியோ பேக்லாண்ட் கண்டுபிடித்த பொருள் அது. அதில் சங்கிலிகள் வலைபோல் பிணைந்துவிட்டன. வலை வழுக்குமா? வழுக்காது.

குப்பையில் கிடக்கும் பாடம்

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தண்ணீர் பாட்டில் செய்யும் 'பெட்' பிளாஸ்டிக் உருக, சுமார் 250 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். பி.வி.சி. அதற்கு முன்பே சிதையத் தொடங்கி, அமில ஆவியைக் கக்கும். இரண்டையும் கலந்து உருக்கினால் பாட்டில் சரக்கும் கெடும், இயந்திரமும் அரிக்கும். எந்த உஷ்ணத்தில் எது என்ன ஆகும் என்று அறியாமல், பழைய பிளாஸ்டிக்கைப் புதியதாக்க முடியாது.

மதுரை தியாகராஜர் இன்ஜினீயரிங் கல்லூரி ரசாயனப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் இதைப் பயனாக்கிக் காட்டினார். சூடான ஜல்லியின்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது உருகி ஜல்லியைப் பூசிக்கொள்ளும். பிறகு தார் கலந்து சாலை போடலாம். பி.வி.சி. மட்டும் ஆகாது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கல்லூரி ஆராய்ச்சி வீதிக்கு வர முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கருவி எங்கே?

ஆராய்ச்சிக்குச் சில மில்லிகிராம் பிளாஸ்டிக் போதும். ஆனால், சூடேறும்போதே எடை குறைவதை அளந்து காட்டும் கருவிக்குப் பல லட்சம் ரூபாய் வேண்டும். சிற்றூர்க் கல்லூரி எங்கே போகும்? பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் கருவிகளை வாரத்தில் ஒரு நாளாவது அவர்களுக்குத் திறந்துவிடலாம்.

75 மார்க் விதியும் யோசிக்கத் தக்கது. பரீட்சை மார்க் மனப்பாடத்தைச் சொல்லும். கையின் பொறுமையைச் சொல்லாது. 74 மார்க் பெற்றவருக்குக் கதவு மூடலாமா?

வாய்ப்பு மட்டும் கொடுத்து வசதி கொடுக்காவிட்டால், நான்காம் ஆண்டில் விளையப் போவது பைண்டு செய்த காகிதந்தான்.